பலாக்காய்க்கு அளவெடுத்த ஸ்வெட்டர்

கையால் செய்த பொருளைக் குறை சொல்லக் கூடாது என்பது நாலு பேர் இருக்கிற எந்த வீட்டிலும் உள்ள மரியாதை. எங்கள் வீட்டில் அது கிடையாது. கையால் செய்தது என்று தெரிந்தால் முதலில் அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை எங்கே என்று தேடுவார்கள். இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தும் நான் பின்னல்காரன் ஆனேன். கொல்லிமலையில், எங்கள் வாழவந்தி நாட்டில் (மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தது ஒரு நாடு), மிளகுக் கொடிக்கும் மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் நடுவே இரண்டு ஊசியும் ஒரு உருண்டை கம்பளி நூலுமாக உட்கார்ந்திருக்கிற ஆம்பிளை நான் ஒருத்தன்தான். இன்றைக்கு நான் பின்னிய குல்லாயைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் ஊர்ப் பஸ் டிரைவர் மலை இறங்குகிறார். எனக்குப் பின்னத் தெரியும். அதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டிய காலத்திலும் வராமல் போனதுதான் வினை.

படித்து முடித்ததும் கொஞ்ச காலம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருந்தேன். அப்பாவுக்கு முட்டிவலி வந்து மிளகு பறிக்க ஏணி ஏற முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பினேன். என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "பின்னலாடைத் துறை" என்றேன். (பனியனை மடித்து அட்டைப்பெட்டியில் போடுவதும் அந்தத் துறையில் சேர்ந்ததுதானே, இல்லையா?) இப்படிச் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டேன். நம்பியவன் சும்மா இருக்க முடியுமா? சேலத்துக்குப் போனபோது ஊசியும் நூலும் வாங்கி வந்தேன்.

குரு செல்போன்தான். ஆனால் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தால் வரும். அங்கே உட்கார்ந்து, என்ன பாஷை என்றே தெரியாத ஒரு பாஷையில் பேசுகிற ஒரு அம்மாவின் வீடியோக்களைப் பார்ப்பேன். பேச்சு புரியாவிட்டால் என்ன, கை புரிகிறதே! ஒரே ஒரு கஷ்டம், முக்கியமான இடம் வரும்போதெல்லாம் அந்த அம்மா அசையாமல் நின்றுவிடுவாள், நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த இடங்களை நான் சொந்தப் புத்தியால் நிரப்பிக்கொண்டேன்.

முதலில் அப்பாவுக்கு ஒரு மப்ளர் பின்னினேன். ஊசியில் ஏற்றுகிற வளையத்தைக் கண்ணி என்போம். வரிசைக்கு ஒன்றிரண்டு கண்ணி நழுவியதை நான் கவனிக்கவில்லை. ஆரம்பத்தில் துண்டு அகலம் இருந்த மப்ளர் போகப் போகக் குறுகி, கடைசியில் எலி வால் போல் முடிந்தது. அப்பா அதை இரண்டு நாள் கழுத்தில் கட்டினார். மூன்றாம் நாள் ஆட்டின் கழுத்தில் கட்டினார். அடுத்து அம்மாவுக்கு ஒரு சாக்ஸ். அதில் அம்மாவின் இரண்டு காலும் ஒன்றாக நுழைந்தன. விதை மிளகு போட்டு வைக்கத் தோதாக இருக்கிறது என்றாள். ஆனால் மூன்றாவதாகப் பின்னிய செல்போன் உறை இருக்கிறதே, அது சத்தியமாக அழகு. பஸ் கண்டக்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கொண்ணு போட்டுத் தாங்களேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது தேவனூர் நாட்டில். வைகாசியில் அவர்கள் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாயிற்று. தாய்மாமன் நான் ஒருத்தன்தான். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும், நான் கொண்டு போகிற துணியைத்தான் உடுத்த வேண்டும், அந்தத் துணி உடம்பில் ஏறிய பிறகுதான் ஆசாரி காதைத் தொடுவார். இதில் ஒன்று குறைந்தாலும் பேச்சு அக்காவின் தலையில்தான் விழும்.

பாறையில் ஏறி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பாப்பாவுக்குச் சீர்த்துணி நானே பின்றேன். சொட்டரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது.

"வைகாசில சொட்டரா?" என்றாள் கடைசியில்.

"மலைல வைகாசின்னா என்ன, மார்கழின்னா என்ன? காத்தால மழ பேஞ்சா குளுருதில்ல?"

"அதுக்கில்ல சாமி. அப்பாவுக்குப் பின்னுன மப்ளர நான் பாத்தனே."

"அது பழகறப்போப் பின்னுனது. இப்பக் கண்டக்டரே கேக்கறாரு."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு தம்பி. எங்க ஓரகத்தி பையனுக்குக் காது குத்துனப்ப அவங்கண்ணன் கொண்டாந்த சீர இன்னும் பேசறாங்க. எங்க மாமியா வாயில என்னைய உழ வச்சறாத. எதுக்கும் கடைல ஒரு பாவாட சட்ட எடுத்துப் பையில போட்டுக்க."

"கடைத்துணியா? என் மருமகளுக்கா?" என்றேன். அந்தக் காலத்தில் நான் பேசிய பேச்சையெல்லாம் இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடத் தோன்றுகிறது. "செரி, பாப்பா அளவச் சொல்லு."

"அளவா? எங்கிட்ட என்ன டேப்பா இருக்குது? நம்மூட்டு வாசல் பலாமரத்துல இடுப்பு ஒசரத்துல ஒரு காயி தொங்குமே, அந்தக் கணக்கா கொழுகொழுன்னு இருக்கறா."

வேறு மாமனாக இருந்தால் சிரித்துவிட்டு, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தேவனூர்ப் பக்கம் போயிருப்பான். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

முற்றிய, தரமான காய். தூக்கி இடுப்பில் வைத்துப் பார்த்தேன், பாரம் அப்படியே பாப்பா பாரம். முள்ளில் நூல் மாட்டாமல் இருக்க அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் காயைச் சுற்றினேன். (இந்த மாதிரி யோசனையெல்லாம் எனக்கு உடனே வரும்.) கட்டிலில் நிமிர்த்தி வைத்து, இடுப்பிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி பின்னத் தொடங்கினேன். மங்கலமாக மஞ்சள் நூல், ஓரத்துக்குப் பச்சை. காய்க்குக் கை இல்லாததால் கை அளவுக்கு இரண்டு மொந்தன் வாழைக்காய் எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் தூசி படக் கூடாதே என்று காயைப் படுக்க வைத்துப் போர்வையால் மூடிவிட்டுக் காட்டுக்குப் போயிருந்தேன். உள்ளே வந்த அம்மா, யார் வீட்டுக் குழந்தையோ தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். "யாரு கண்ணு இது, அசையாமத் தூங்கறது" என்று கொஞ்சியபடி வாரித் தூக்கி முகத்தோடு முகம் வைத்தாள். வேட்டி விலகியிருந்த பக்கமாக வைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் போட்ட சத்தம் கேட்டுக் காட்டிலிருந்து நான் ஓடி வந்தேன்.

"எடுபட்டவனே, கட்டல்ல பலாக்காயப் போட்டுத் தாலாட்டறயா?"

"அளவு பாக்கறம்மா."

"உனக்குப் புள்ள பொறந்தா அதுக்கு என்னத்த வச்சு அளவு பாப்ப? பூசணிக்காயா?"

கலைஞனை வீட்டில் யார்தான் மதித்தார்கள் என்று நினைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

உடம்பு முடிந்தது, கை முடிந்தது, கழுத்து வந்தது. பாறையில் ஏறிக் கழுத்து வீடியோவைப் போட்டேன். அந்த அம்மா ஊசியைத் தூக்கினாள், ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், அப்படியே நின்றுவிட்டாள். வட்டம் சுற்றியது. மழை வந்தது. நான் வீட்டுக்கு வந்து சொந்தப் புத்தியை எடுத்தேன்.

காயின் மேல்பக்கம் குறுகிக் காம்பில் போய் முடிகிறது அல்லவா, அந்தக் குறுகலைச் சுற்றிக் கழுத்தைப் பிடித்தாற்போல் பின்னினேன். ஊசிக்கு இடைஞ்சலாக இருந்த காம்பு நுனியைப் புதிதாகச் சீவியதில் பால் கசிந்து நூலில் ஊறிக்கொண்டிருந்தது. ஊறினால் ஊறட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாளில் பால் காய்ந்து கழுத்து விறைப்பாக நின்றது. தட்டிப் பார்த்தால் டொக்கென்றது. இதைத்தான் கம்பெனியில் ஃபினிஷிங் என்பார்கள் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பலாப்பால் ஒட்டினால் என்ன ஆகும் என்பது எங்கள் மலையில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தச் சமயத்தில் நான் மலைக்காரனாக இல்லாமல் பின்னலாடைத் துறைக்காரனாக இருந்துவிட்டேன்.

காய்மேல் போட்டுப் பார்த்தேன். அடடா! ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. காம்பு மட்டும் கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்தது. கடைத்துணி எதுவும் எடுக்காமல் கோயிலுக்குக் கிளம்பினேன்.

அன்றைக்குக் காலையில் மழை பெய்து, கோயிலைச் சுற்றி மேகம் இறங்கியிருந்தது. நான் சொன்ன குளிர் நான் சொன்னபடியே வந்தது. சீர்த்தட்டை இறக்கியதும் அக்காவின் மாமியார் ஸ்வெட்டரைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். (எங்கள் வீட்டுப் பழக்கம் அங்கேயும் போயிருந்தது.) ஓட்டை எதுவும் இல்லை.

"தம்பி, இது நெசமாவே நீங்க கையில பின்னுனதுங்களா?"

"ஆமாங்க அத்தை."

"பரவால்லியே! நல்லாத்தான் இருக்குது."

அந்த அம்மாவின் வாயிலிருந்து நல்லதாக ஒரு வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியமில்லை என்று அக்காவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஸ்வெட்டர் கைக்குக் கை மாறிக் கூட்டம் முழுக்கச் சுற்றியது. அக்காவின் ஓரகத்தியும், சீரில் பெயர் வாங்கிய அவள் அண்ணனும்கூட ஓரத்தைத் தடவிப் பார்த்தார்கள். நான் எதுவும் பெரிதாகச் செய்துவிடாதவன்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மொட்டை போட்டாயிற்று. குளிப்பாட்டி, தலையில் சந்தனம் தடவி, பாப்பாவை என் மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி எதிரில் உட்கார்ந்து கம்பியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அக்கா ஸ்வெட்டரைத் தலைவழியே போட்டாள். கைகள் இரண்டும் வாழைக்காய் போலவே அழகாக நுழைந்தன. உச்சி மண்டை கழுத்து வழியாக மேலே வந்தது. நெற்றி பாதி வந்தது. அதோடு நின்றுவிட்டது.

அக்கா இழுத்தாள். நான் இழுத்தேன். கழுத்து இம்மியும் கொடுக்கவில்லை. மேலே சந்தனம் பூசிய உச்சி, கீழே மஞ்சள் ஸ்வெட்டர், நடுவில் முகம் என்று ஒன்று இல்லை. ஒரு நொடி குழந்தையும் என்ன நடக்கிறது என்று புரியாமல் அமைதியாக இருந்தது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது பாருங்கள், கோயில் மணி தோற்றது!

ஆசாரி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, காது எங்கீங்க?"

காது உள்ளே இருந்தது. காதுகுத்துக்கு வந்து காதை மூடிய மாமன் இந்தத் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"நல்ல நேரம் போயிட்டிருக்குதுங்க" என்றார் பூசாரி.

"கழட்டு!" "இழு!" "இழுக்காத!" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கழற்றலாம் என்று மேல்நோக்கி இழுத்தால் மூக்கில் மாட்டியது. யாரோ கத்திரிக்கோல் கொண்டு வந்தார். என் வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"வெட்டாதீங்க! ஒரு கண்ணி அறுந்தா மொத்தமும் பிரிஞ்சுரும்!"

அக்கா என்னைப் பார்த்தாள். "எம்புள்ள தலடா அது!"

"செரி, அதக் கழட்டிப் போட்டுட்டு வேற துணியப் போடுங்க" என்றார் அவள் மாமியார். "மாமன் வேற துணி கொண்டாந்திருப்பாரில்ல?"

அக்கா என் பையைப் பார்த்தாள். பை தட்டையாகக் கிடந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவள் பாடுபட்டுச் சேர்த்த மரியாதை, என் பின்னலுக்குள் தலை மாட்டிக்கொண்டு நின்றது. ஸ்வெட்டர் நாசமாகப் போகட்டும், அக்கா அழாமல் இருந்தால் போதும் என்று மனசாரக் கும்பிட்டேன். கத்திரியை வாங்க நானே கையை நீட்டினேன்.

அதற்குள் அவள் மாமியார் குனிந்து மோந்து பார்த்தார்.

"என்ன இது, பலாப்பழ வாசம் அடிக்குது?" கழுத்து ஓரத்தை நகத்தால் சுரண்டினார். "பாலு! இது பலாப்பாலுங்க!"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. இனி மறைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

"பலாக்காய்மேல போட்டுத்தாங்க அத்தை அளவு பாத்தேன்" என்றேன்.

"பலாக்காய்மேலயா?"

"அக்காதானுங்க அந்தக் கணக்கா இருக்கறான்னு சொன்னா."

உள்ளே பாப்பாகூட அழுகையை நிறுத்திக் கேட்பதுபோல் இருந்தது. ஓரகத்தியின் அண்ணன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"ஏந்தம்பி, பலாக்காய்க்குத் தல ஏதுங்க?"

அவ்வளவுதான். முதலில் பூசாரி சிரித்தார். அப்புறம் ஒருத்தர் பாக்கியில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். அந்தச் சிரிப்பில் என் துறை, கம்பெனி, ஃபினிஷிங் எல்லாம் கழன்று விழுந்து, நான் திரும்ப மலைக்காரன் ஆனேன். பலாப்பாலுக்கு என்ன மருந்து? எண்ணெய்! பலா அறுக்கிறவன் கையில் முதலில் தடவுவது என்ன? எண்ணெய்!

பாப்பாவை அக்கா மடியில் வைத்துவிட்டுப் பந்தி சமைக்கிற இடத்துக்கு ஓடினேன். கடலை எண்ணெயை ஒரு சொம்பு நிறைய எடுத்து வந்தேன். ("பணியாரத்துக்கு வச்சதுங்க!" என்று சமையல்காரர் பின்னாலேயே வந்தார்.) கழுத்தைச் சுற்றி எண்ணெய் ஊற்றி, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்தேன். பால் இளகியது. கண்ணி ஒவ்வொன்றாக உயிர் வந்து விரிந்தது. அது விரிந்ததைப் பார்த்தபோது, அந்த நிலைமையிலும், பின்னல் நல்ல பின்னல்தான் என்று எனக்குள் ஒரு பெருமை வந்ததை மறைக்க விரும்பவில்லை.

கண் வந்தது. மூக்கு வந்தது. வலது காது வந்தது.

"இருங்க இருங்க" என்று ஆசாரி கம்பியோடு முன்னால் வந்தார். "வந்த வரைக்கும் குத்திப்போடலாங்க."

"ரெண்டும் வரட்டும்!" என்று ஒரு அதட்டல் போட்டார் அக்காவின் மாமியார்.

ஒரு இழுப்பு. பொளக்கென்று முழுத் தலையும் வெளியே வந்தது. எண்ணெயும் சந்தனமும் வழிய, பாப்பா உலகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு சுற்றுப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையைத் தூக்கி என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். கூட்டத்தில் யாரும் அதைத் தவறு என்று சொல்லவில்லை.

என் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அவள் அழவே இல்லை. இருந்த அழுகையெல்லாம் ஸ்வெட்டருக்கே தீர்ந்துவிட்டது. "எத்தன காது குத்தியிருக்கறேன், அழுவாத கொழந்தைய இப்பத்தாங்க பாக்கறேன்" என்றார் ஆசாரி. இதையும் என் கணக்கில் ஒரு வெற்றியாகத்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா பயந்துபோய் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"மாமன் துணி போட்டுத்தானே காது குத்துச்சு? அப்புறமென்ன? சீரெல்லாம் அவங்கவங்க கொண்டாந்தாங்க, போனாங்க. இப்பிடி வயிறு நோவச் சிரிக்க வச்ச மாமன் யாரு இருக்கறா? பந்திக்கு வாங்க" என்றார். அக்கா என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். விட்டுவிட்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

ஸ்வெட்டரைக் கழற்ற முடியவில்லை. எண்ணெய் வடிந்ததும் கழுத்து பழையபடி பிடித்துக்கொண்டது. பாப்பா அதோடுதான் பந்தியில் உட்கார்ந்தாள், அதோடுதான் தூங்கினாள். மறுநாள் இன்னொரு சொம்பு எண்ணெய் செலவழித்துக் கழற்றியதாக அக்கா போன் பண்ணினாள். காதுகுத்துப் போட்டோக்கள் எல்லாவற்றிலும் பாப்பா மஞ்சள் ஸ்வெட்டரில்தான் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றுகூடத் தோளில் பட்டன் இல்லாமல் வெளியே போனதில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இரண்டு நாட்டிலும் எவன் முன்பின் யோசிக்காமல் எதைச் செய்தாலும் "பலாக்காய்க்குத் தல ஏது?" என்கிறார்கள். என் கல்யாணத்தில், பெண் மாலையைத் தூக்கிய நேரத்தில், "தல நுழையுதான்னு மொதல்லயே பாத்துக்க அம்மிணி!" என்று கத்தியது வேறு யாருமில்லை, அக்காவின் மாமியார்தான்.

பாப்பா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் அவள் அப்பத்தாவையே மிஞ்சும். வருஷா வருஷம் வைகாசியில் அவள் அனுப்புகிற, அவர்கள் தோட்டத்து முதல் பலாப்பழம் பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வரும். தனிச் சீட்டில், அந்த மஞ்சள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வரும். கண்டக்டர் விசில் அடித்து நிறுத்தி, "உங்க மருமக வந்திருக்குதுங்க, பத்தரமா எறக்கிக்குங்க" என்பார். பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லாரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்ப்பார்கள். நான் நிமிர்ந்த தலை குனியாமல் போய்ப் பழத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன்.

போன வைகாசியில் வந்த பழத்துக்கு மட்டும் ஸ்வெட்டர் இடுப்பில் கொஞ்சம் பிடித்தது. அது பழத்தின் கோளாறு. என் அளவில் ஒரு குறையும் இல்லை.